எந்தக் கை?

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், வில்லா பார்க் மைதானத்தில், பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் குழு தன் கடைசிக் கச்சேரியை முடித்துச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. நான்கே பாட்டு. நிற்க முடியாத ஓசி ஓஸ்போர்ன் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் ஃபிளாட்டில், தூங்காத கண்ணோடு, அந்தக் காட்சித் துண்டுகளைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"யாருடா இந்தப் பெரியவர்?"

அவர் கேட்டது கிடார் வாசிப்பவரை. டோனி ஐயோமி, வயது 77 என்றேன். 17 வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது இரண்டு விரல் நுனி போய்விட்டது என்றும் சொன்னேன்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "எந்தக் கை?"

இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஜாமிங் ஸ்டூடியோவில், மாமாக் கடையில், கல்யாண வீட்டில்கூட. "அப்புறம் எப்படி வாசித்தார்?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். எந்தக் கை என்று ஒருவரும் கேட்டதில்லை. அது மெஷினில் நின்றவர் கேட்கிற கேள்வி. அப்பா பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் 22 வருடம் பிரஸ் மெஷினில் நின்றவர். 1994-இல் அவருடைய வலது கை மோதிர விரல் முதல் கணுவோடு போனது. எனக்கு அப்போது ஆறு வயது.

"வலது கைப்பா. நடு விரலும் மோதிர விரலும்."

"வலது கைன்னா தட்டுற கைதானே. சமாளிச்சிடலாம்."

"இல்லப்பா, அவர் இடது கைக்காரர். வலது கைதான் கம்பியை அழுத்துற கை."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முழுக் கதையையும் சொல்லச் சொன்னார். ஐயோமிக்கு அன்றைக்கு அந்த வேலையில் கடைசி நாள். ஒரு குழுவோடு ஐரோப்பாவுக்கு வாசிக்கப் போவதாக ஏற்பாடு. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனித் திரும்பிப் போக வேண்டாம் என்று இருந்தார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பிவைத்தார். போனால், பிரஸ் மெஷினில் வழக்கமாக நிற்கும் ஆள் வரவில்லை. இவரை நிறுத்தினார்கள்.

"அடுத்தவன் மெஷின்ல நிறுத்தினாங்களா… அதான்" என்றார் அப்பா. அந்த 'அதான்' எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு அடிபட்ட அன்றும் அது அவருடைய மெஷின் இல்லை.

மெட்டல் ரசிகர்கள் இந்தக் கதையைச் சொல்லும் விதம் ஒன்று உண்டு. அந்த விபத்து நடக்காமல் போயிருந்தால் இந்த இசையே பிறந்திருக்காது என்பார்கள், ஏதோ வரம் கிடைத்தது போல. இருபது வயதில் நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இப்போது கேட்டால் கோபம் வருகிறது. அப்பாவின் விரல் போனதில் எதுவும் பிறக்கவில்லை. பெர்க்கேசோ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கான படிவங்கள், ஆறு வாரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது, இன்றும் சட்டைப் பொத்தான் போடும்போது தடுமாறும் கை, அவ்வளவுதான் மிச்சம். ஐயோமிக்கும் அந்த மெஷின் எதையும் கொடுக்கவில்லை. எடுத்ததோடு சரி. மிச்சம் எல்லாம் அவர் உட்கார்ந்து செய்த வேலை. தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கியும் கிடாரில் மன்னனாக இருந்தவர் அவர். அதைக் கேட்டபின் ஐயோமி ஒரு பாத்திரம் கழுவும் சோப்பு போத்தலை உருக்கினார். பழுக்கச் சுட்ட சால்டரிங் கம்பியால் அதில் விரல் நுழையும் அளவுக்குக் குழி செய்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் மாட்டும் ஒரு குப்பி ஆக்கினார். சாதாரணக் கிடார் கம்பி அழுத்த முடியாமல் வலித்ததால், பாஞ்சோவின் மெல்லிய கம்பிகளை வாங்கிக் கிடாரில் கட்டினார். மெல்லிய கிடார் கம்பி அன்று கடையில் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. விரல் போனதால்தான் கம்பியைத் தளர்த்தினார், தளர்த்தியதால்தான் அந்தக் கனம் வந்தது என்பது பாதிக் கதை. கிடாரை அவர் மூன்று அரைச்சுரம் இறக்கியது 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில், அதுவும் சில பாட்டுகளுக்கு மட்டும். தளர்ந்த கம்பி விரலுக்கு இதமாக இருந்தது உண்மைதான். ஆனால் 1970 பிப்ரவரி 13-ஆம் தேதி வந்த முதல் ஆல்பம் வழக்கமான சுருதியில் வாசித்தது. ஒரே நாளில் பதிவு செய்தது. அதன் முதல் பாட்டைக் கேளுங்கள், மழைச் சத்தமும் தேவாலய மணியும் முடிந்து கிடார் வரும் இடத்தை. கம்பி தளரவில்லை, ஆனாலும் மேலே ஒரு கல் வந்து உட்காருகிறது.

மூன்று சுரம்தான். நம் கணக்கில் சொன்னால் ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம். பஞ்சமத்துக்கு ஒரு படி கீழே வந்து நின்றுவிடும். ராக் கிடாரில் 'பவர் கார்ட்' என்பது பெரும்பாலும் ச-வும் ப-வும் சேர்ந்ததுதான். எவ்வளவு இரைச்சல் ஏற்றினாலும் குழையாமல் நிற்கும் ஜோடி அது. காந்தாரத்தைச் சேர்த்தால் அந்த இரைச்சலில் கூழாகிவிடும். காது அந்த ப-வுக்காகக் காத்திருக்கிறது, ஐயோமி அதைத் தருவதில்லை. பஞ்சமம் இல்லாத ஹம்ஸானந்தியை மாலையில் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தத் தவிப்பு புதிதில்லை. மேற்கே இதைப் பிசாசின் சுரம் என்று பயமுறுத்துவார்கள். எனக்குப் பயம் வந்ததில்லை. முதன்முதலில் கேட்டபோது, வேலை முடிந்து அப்பா மூன்றாவது மாடிக்கு ஏறி வரும் காலடிச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்தது வேகம். சொல்லப்போனால் வேகமின்மை. சின்ன வயதில் கோயில் வகுப்பில் நான்கு வருடம் மிருதங்கம் கற்றேன். மூன்றாம் காலத்தில் வாசித்துக் கைத்தட்டல் வாங்கும் பையன்களை வாத்தியார் பாராட்டியதே இல்லை. "முதல் காலத்தில் வாசி, பார்க்கலாம்" என்பார். அப்போது புரியவில்லை. இப்போது எங்கள் மூவர் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன், ட்ரம்மர் ஒரு மலாய் நண்பர், கிடார் ஒரு சீன நண்பர். நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் ஒரு ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கை, எடுத்துக்கொண்டால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே முழுதாக ஒரு நொடி காலியாகக் கிடக்கும். அதற்குள் கை துறுதுறுக்கும். முந்திக்கொள்ளச் சொல்லும். ட்ரம்மர் இம்மி முந்தினாலும் கனம் கலைந்துவிடும், வேகப் பாட்டு ஒன்றை இழுத்து வாசிப்பது போல ஆகிவிடும். எங்களுக்கு ஒரே ஒரு ரிஃப்பை ஒழுங்காக நிறுத்த மூன்று மாதம் ஆனது.

நான் பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். 1972-இல் அங்கே தடையற்ற வர்த்தக வட்டாரம் வந்தது முதல் பினாங்குத் தமிழர் வீடுகளில் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் ஷிப்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இந்த இசையின் இன்னொரு பாதி என் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. ஃபஸ் என்ற பெடல், காலால் அழுத்தி இயக்கும் சின்னப் பெட்டி, என்ன செய்கிறது? கிடார் அனுப்பும் அலை மேடும் பள்ளமுமாக வழுவழுப்பாக வருகிறது. அதை டிரான்சிஸ்டர் பல மடங்கு பெரிதாக்க, பல பெடல்களில் டயோடு ஜோடி ஒன்று அதன் தலையையும் அடியையும் சீவித் தட்டையாக்கிவிடுகிறது. சீவிய இடத்திலிருந்து மூலச் சுரத்தின் மேல்சுரங்கள் கூட்டமாகக் கிளம்பும். சத்தம் மெல்ல அடங்குவதற்குப் பதிலாக ஒரே மட்டத்தில் நெடுநேரம் நிற்கும். 1960-களின் கடைசியில் நியூயார்க்கில் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் கம்பெனி கொண்டுவந்த பிக் மஃப் பெடல் இதைத்தான் நான்கு டிரான்சிஸ்டரில், இரண்டு அடுக்குச் சீவலில் செய்கிறது. சப்பாத்தின் வழியில் மெதுவாக, கனமாக வாசிக்கும் ஸ்டோனர் டூம் என்ற மெட்டல் வகைக் குழுக்களில் பாதி அந்தப் பெட்டியின் மேல்தான் நிற்கிறது.

நானே ஒன்று செய்தேன். மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து, அரிசி அளவு ரெசிஸ்டர்களின் காலை மடக்கி, பலகை ஓட்டையில் சொருகி, ஈயத்தைத் தொட்டு வைப்பேன். ரோசின் புகை கண்ணில் ஏறும். ஈயம் வெள்ளி போல ஓடிப் பரவிச் சட்டென்று மங்கினால் பற்றவில்லை என்று அர்த்தம். மறுபடியும் உருக்க வேண்டும். முதல் நாள் ஒரு டயோடைத் திருப்பி வைத்துவிட்டேன். சத்தம் நொண்டியது. அதைக் கண்டுபிடிக்க இரவு இரண்டு மணி ஆனது. சரிசெய்து, கிடாரின் தடித்த கம்பியை சி வரைக்கும் இறக்கினேன். நொடிக்கு 82 முறை அதிர வேண்டிய கம்பி 65-க்கு வந்தது. கம்பி தொங்கி, கட்டையில் பட்டுச் சடசடத்தது. தடித்த கம்பியாக மாற்றிக் கட்டி ஒரே ஒரு தட்டு தட்டினேன். கண்ணாடி அலமாரியில் அம்மாவின் எவர்சில்வர் குத்துவிளக்கு முனகியது. அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து, "மோட்டார் பேரிங் போயிடுச்சா?" என்று கேட்டார். அவர் காதில் அது ஒரு கோளாறின் சத்தம். அதில் தப்பில்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடத்தில் பழுதான ஒரு கருவியிலிருந்து தற்செயலாக வந்த சத்தத்தைப் பிடித்துவைத்து, அதை வேண்டுமென்றே உண்டாக்கச் செய்ததுதான் ஃபஸ் பெட்டி.

பெயர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டோனர் என்றால் கஞ்சா போதையில் இருப்பவர். பாட்டுகளில் அந்தப் புகழ்ச்சி நிறைய. நான் வாழும் நாட்டில் 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல் என்று சட்டம் அனுமானிக்கும். தூக்குத் தண்டனை கட்டாயம் என்ற நிலை 2023-இல்தான் நீங்கியது. எங்கள் ஃபிளாட்டில் போதையால் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இரண்டு உண்டு. எனக்குப் புகை வேண்டாம். இந்த இசைக்கும் அது தேவையில்லை என்று பதினைந்து வருடமாகக் கேட்ட காதோடு சொல்கிறேன். புகையைத் தேடி வந்தவர்கள் கண்டுபிடித்த இடம் இது. ஆனால் இடம் எல்லாருக்கும் பொது.

கலிபோர்னியாவின் பாலைவனத்தில் ஜெனரேட்டர் வைத்து வாசித்த கையஸ், இங்கிலாந்தின் டார்செட்டிலிருந்து 2000-இல் 'டோப்த்ரோன்' கொடுத்த எலெக்ட்ரிக் விஸர்ட் என்று ஸ்டோனர் டூம் பக்கம் நிறையப் பேர். நான் நின்றுவிட்டது ஸ்லீப் குழுவிடம். சான் ஹோசேயைச் சேர்ந்த மூன்று பேர். ஒரே பாட்டு, 63 நிமிடம். ஒப்பந்தம் போட்ட கம்பெனி அதை வெளியிட மறுத்தது, குழு கலைந்தது. 1999-இல் 'ஜெருசலேம்' என்ற பெயரில் சுருக்கமாகவும், 2003-இல் 'டோப்ஸ்மோக்கர்' என்று முழுதாகவும் வெளிவந்தது. எட்டு நிமிடம் தாண்டித்தான் குரலே வரும். பாட்டில் நடப்பதும் ஒன்றே ஒன்றுதான். ஒரு யாத்திரைக் கூட்டம் பாலைவனத்தில் நடந்துகொண்டே இருக்கிறது.

அதை நான் முதலில் புரிந்துகொண்டது ஒரு தைப்பூச இரவில். தண்ணீர்மலைக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. கொஞ்ச தூரத்துக்குப் பிறகு பாட்டெல்லாம் காதில் விழாமல் போய், முன்னால் காவடி எடுத்தவரின் காலும் பின்னால் வரும் உறுமியும் மட்டுமே மிச்சமாயின. கோயிலுக்கு 513 படி. படியில் யாரும் ஓட முடியாது, நின்றுவிடவும் முடியாது, பின்னால் ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த நடையின் வேகம்தான் அந்த 63 நிமிடத்தின் வேகம். அதற்கப்புறம் அந்தப் பாட்டை நடுவில் நிறுத்தியதே இல்லை.

ஸ்லட்ஜ் என்ற இன்னொரு மெட்டல் வகை வேறு மாதிரி. அந்தச் சொல்லுக்கே சேறு, கசடு என்றுதான் அர்த்தம். அலை வற்றும் நேரத்தில் ஜெலுத்தோங் கரையில் நின்றிருந்தால் அது எப்படி இருக்கும் என்று தெரியும். சப்பாத்தின் நிதானம் ஒரு பக்கத்திலிருந்து வந்தது. மறுபக்கத்திலிருந்து வந்தது ஹார்ட்கோர் பங்க்கின் ஆத்திரம். 1984-இல் பிளாக் ஃபிளாக் என்ற வேகமான பங்க் குழு, 'மை வார்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் மூன்று மெதுவான பாட்டுகளை வைத்தது. பழைய ரசிகர்கள் பலருக்கு எரிச்சல். வாஷிங்டன் மாநிலத்தில் மரம் வெட்டும் சிற்றூர்களிலிருந்து வந்த மெல்வின்ஸ் அந்த இரண்டாம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு 1987-இல் முதல் ஆல்பம் போட்டார்கள். அப்புறம் அது தெற்கே, நியூ ஆர்லியன்ஸுக்கு இறங்கியது. ஐஹேட்காட், க்ரோபார், 1995-இல் ஊரின் பெயரையே சுருக்கி 'நோலா' என்று ஆல்பம் போட்ட டவுன். ஒரே ஆட்கள் பல குழுக்களில் இருப்பார்கள். ஐஹேட்காட்டின் கிடார்காரர் ஜிம்மி பவர்தான் டவுனில் ட்ரம்ஸ்.

ஐஹேட்காட் என்ற பெயரை எங்கள் வீட்டில் உரக்கச் சொல்ல மாட்டேன். நான் சாமி கும்பிடுகிறவன், அந்தப் பெயரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் 1993-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தைவிட நேர்மையான சத்தத்தை நான் அதிகம் கேட்டதில்லை. ஸ்டோனர் டூமில் ரிஃப் வட்டமாகச் சுற்றும், அதற்குள் உட்கார்ந்துவிடலாம். இங்கே உட்கார விட மாட்டார்கள். கிடாரை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்து ஊளையிட வைப்பார்கள், ஊர்ந்துகொண்டிருக்கும் பாட்டு திடீரென்று ஓடும், ஓடிய வேகத்தில் குப்புற விழும். பாடுகிறவர் சொல்வது ஒரு வார்த்தைகூடப் புரியாது. வறுமை, போதை, நோய், மாத்திரை எல்லாம் அதில் கிடக்கிறது. அவர்கள் அதை அழகாக்கவில்லை, அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. 2005-இல் கத்ரீனா புயல் அந்த ஊரை மூழ்கடித்த பிறகு, துன்பப்பட்ட ஊருக்குத்தான் இப்படி இசை வரும் என்று எழுதியவர்கள் உண்டு. ஐயோமியின் விரலைப் பற்றிச் சொல்வதும் அதே பேச்சுதான். புயல் பாட்டு எழுதாது.

அந்த 1993 ஆல்பத்தின் தலைப்பு மருந்து போத்தலில் ஒட்டியிருக்கும் வாசகம்: வலிக்கும்போது தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளவும். 1994-இல் அப்பாவின் தலைமாட்டில் கிடந்த கிளினிக் மருந்துப் பையில், பேனாவால் மலாயில் இதையேதான் எழுதியிருந்தார்கள். வலிக்கும்போது சாப்பிடவும். அப்பா நேரம் பார்த்துச் சாப்பிடவே மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, இரவில்தான் ஒன்று போடுவார். மாத்திரை தீர்ந்துவிட்டால் இன்னொரு நாள் லீவு போட்டு கிளினிக் போக வேண்டியிருக்கும் என்று பயம்.

ஜூலை 22-ஆம் தேதி ஓசி இறந்துபோனார். அந்தக் கச்சேரி முடிந்து 17 நாள். வேலையில் இருக்கும்போது செய்தி வந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவே, "அந்தப் பாட்டுக்காரர் போயிட்டாராமே" என்று சொல்லி டிவியைத் திருப்பிக் காட்டினார். பாட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் சால்டரிங் கம்பி மேசையில் இல்லை.

அப்பா பின்பக்கம் குந்தியிருந்தார். பக்கத்தில் பச்சை நிறச் சோப்பு போத்தல் ஒன்று, கழுத்து அறுபட்டுக் கிடந்தது. அடியில் செய்தித்தாள். பிளாஸ்டிக்கை மெழுகுவர்த்தியில் காட்டி உருட்டியிருந்தார், அதில் கம்பியைக் குத்தித் திருகிக்கொண்டிருந்தார். நாற்றம் தொண்டையைப் பிடித்தது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். இரண்டு முறை சூடு அதிகமாகி வழிந்துவிட்டது என்றார். மூன்றாவதை ஆறவிட்டு, உப்புத்தாளில் தேய்த்து, மோதிர விரல் மிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். இறுக்கமாக நின்றது.

"உன் கிடாரைக் கொண்டா."

பேஸைக் கொடுத்தேன். மடியில் வைக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பி வைத்தார். அவர் இடது கைக்காரர் இல்லை, ஆனால் குப்பி வலது கையில் இருந்ததால் கிடாரையே தலைகீழாகத் திருப்பி, வலது கையால் கம்பியை அழுத்தினார். நான் எட்டிக் கம்பியைத் தட்டினேன். குப்பி நழுவி, சுரம் வராமல் சத்தம் செத்தது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் நழுவியது. குப்பியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிளாஸ்டிக் வழுக்குதுடா. மேலே தோல் ஒட்டணும்."

ஐயோமி ஒரு பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டித் தன் குப்பிகளின் மேல் ஒட்டியிருந்தார். கம்பி பிடிக்கும் பதம் வரும்வரை அதைத் தேய்த்துத் தேய்த்துப் பழக்கினார். அந்தப் பகுதியை நான் அப்பாவிடம் சொன்னதே இல்லை.

அவர் அதற்குள் எழுந்து செருப்பு வைக்கும் இடத்துக்குப் போய், என் கல்யாணத்துக்கு வாங்கிய தோல் செருப்பின் வாரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது தேய்ஞ்சதுதானே?" என்று கேட்டார்.

கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.